தோட்டத்துக்கு வந்த குரல்

வானொலி நிலையம் என்றவுடன் உயர்ந்த கோபுரமும் ஒலிப்பதிவுக் கூடமும் அறிவிப்பாளரும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால், ஒரு நிலையத்தின் வரலாற்றில் பாதிதான் அங்கே இருக்கிறது. மறுபாதி அந்தக் குரல் போய்ச் சேர்ந்த இடத்தில், அதைக் கேட்க உட்கார்ந்தவர்களிடம் இருக்கிறது. அந்த மறுபாதியைத் தேடிச் சிலாங்கூரின் வடக்கே செல்வோம்.

சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கோல சிலாங்கூர் நகரம் அமைந்துள்ளது. ஆற்றின் இரு மருங்கிலும், ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களைச் சுற்றியும் இரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் பரவியிருந்தன. அவற்றுள் ஒன்றின் பெயரே தமிழ்ப் பெயர்: தென்னமரம் தோட்டம். ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917ஆம் ஆண்டில் அங்கேதான் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தார். பெயரில் தென்னை, நட்டதோ செம்பனை.

இந்த வட்டாரத் தோட்டங்களில் வானொலி நிலையம் ஏதும் நிறுவப்படவில்லை. தமிழ் ஒலிபரப்பு தொலைவில் உள்ள கோலாலம்பூரிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் சிங்கப்பூரிலிருந்தும் வந்தது. ஆயினும், அந்த ஒலிபரப்பைத் தங்களுடையது என்று மக்கள் எண்ணத் தொடங்கியது இதுபோன்ற தோட்டங்களில்தான். அது எப்படி நேர்ந்தது?

முதலில் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். மலாயாவுக்கு வானொலிப்பெட்டி வந்தது 1921ஆம் ஆண்டில். ஜொகூர் அரசாங்கத்தில் மின்பொறியாளராக இருந்த ஏ. எல். பெர்ச் என்பவர் அதைக் கொண்டுவந்தார். அவரும் அவரைப் போன்ற ஆர்வலர்களும் சங்கம் அமைத்து, தாங்களே ஒலிபரப்பித் தாங்களே கேட்டு மகிழ்ந்தனர். அது செல்வர்களின் பொழுதுபோக்காகவே இருந்தது. நம் கதைக்கு முக்கியமான ஆண்டு 1934. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் பினாங்கு வானொலிச் சங்கத்தார் 'இசட். எச். ஜே.' என்னும் அழைப்புக்குறியுடன் ஒரு சிறு நிலையத்தைத் தொடங்கினர். அரசாங்கம் நடத்தும் நிலையமன்று அது. உறுப்பினர்கள் கூடி நடத்திய நிலையம். அதில் மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் ஒலித்தது. நான்கு மொழிக்காரர்களும் வாழும் துறைமுக நகரில் ஒரு சங்கத்தார் ஒரே பரப்பியை நான்கு மொழிகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்தனர். பின்னாளில் நாட்டின் வானொலி எடுத்துக்கொண்ட வடிவமும் அதுவே.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் நிலைமை எப்படி இருந்தது என்பதையும் பார்ப்போம். சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்ற பொறியாளரின் முயற்சியால் 1924இல் ஒரு வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதன் முதல் பரப்பியின் ஆற்றல் 40 வாட். இன்று ஒரு குண்டு விளக்குக்குத் தேவைப்படும் மின்சாரம் அவ்வளவுதான்! பணம் போதாமல் 1927இல் அந்தக் கழகம் நின்றுபோனது. சென்னை மாநகராட்சி அதன் கருவியைப் பெற்று 1930 முதல் தானே ஒலிபரப்பை நடத்தியது. வீட்டில் வானொலிப்பெட்டி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர் என்பதால், கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை அமைத்தது. மாலைக் காற்று வாங்க வந்தவர்கள் மணலில் அமர்ந்து இசை கேட்டனர். ஆகவே, தமிழர்கள் வானொலி கேட்கப் பழகியபோது தனித்தனியே வீட்டுக்குள் இருந்து பழகவில்லை. கூட்டமாகத் திறந்த வெளியில் பழகினர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்திலும் இதேதான் நடந்தது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தைச் சுருக்கமாகக் கடந்து செல்லலாம். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. வானொலி நிலையங்கள் ஜப்பானியர் கைக்குச் சென்றன. வெளிநாட்டுச் சிற்றலை ஒலிபரப்பைக் கேட்பது கடுமையான குற்றமாயிற்று. சுபாஷ் சந்திர போஸ் 1943இல் சிங்கப்பூருக்கு வந்த பிறகு, இந்தியச் சுதந்திர இயக்கத்தின் ஒலிபரப்பு அங்கிருந்து பல மொழிகளில் சென்றது. அவற்றில் தமிழும் ஒன்று. போர் முடிந்தபின், 1946 ஏப்ரல் முதல் நாள் மலாயா வானொலி ஓர் அரசாங்கத் துறையாகத் தொடங்கப்பட்டது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கு மொழிகளிலும் நிகழ்ச்சிகள் படைக்கப்பட்டன. தமிழுக்குக் கிடைத்த நேரம் சிறிது. அந்தச் சிறிது நேரமும் தோட்டத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஏனென்றால், தோட்டத்தில் பெட்டி இல்லை.

பெட்டி ஏன் இல்லை? விலை ஒரு காரணம். ஆண்டுதோறும் கட்டவேண்டிய உரிமக் கட்டணம் இன்னொரு காரணம். எல்லாவற்றுக்கும் மேலாக, மின்சாரம் இல்லை. அக்காலத்து வானொலிப்பெட்டிகள் கண்ணாடிக் குழாய் போன்ற வால்வுகளால் இயங்கின. வால்வுக்குள் இருக்கும் மெல்லிய கம்பி சூடேறினால்தான் அது வேலை செய்யும். மின்சாரம் இல்லாத இடத்தில் அதற்கென இருவகை மின்கலன்கள் தேவைப்பட்டன: கம்பியைச் சூடாக்க ஒன்று, ஏறத்தாழ 90 வோல்ட் அழுத்தம் தர மற்றொன்று. இவை எடை மிகுந்தவை; விலை உயர்ந்தவை; நம் நாட்டு ஈரக்காற்றில் விரைவில் வலுவிழப்பவை. துரை பங்களாவிலும் சில கிராணிமார் வீடுகளிலும் பெட்டி இருந்திருக்கலாம். லயத்தில் குடியிருந்த பால்வெட்டுத் தொழிலாளிக்கு அது எட்டாக் கனி.

அந்தக் கனியைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்தது வளமன்று, போர்.

1948 ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்து ஆயுதம் ஏந்திப் போரிட்ட கம்யூனிஸ்டுகளுக்கும் அரசாங்கத்துக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் போராட்டம் நீடித்தது. 1960 ஜூலை 31ஆம் நாள்தான் அது முடிவுக்கு வந்தது. காட்டோரத்தில் இருந்த தோட்டங்கள் இரு தரப்புக்கும் முக்கியமானவையாக இருந்தன. சிதறிக் கிடந்த லயங்கள் பல இடங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. ஊரடங்கு நடப்புக்கு வந்தது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. இருட்டிய பின் வெளியே செல்ல முடியாத மக்களிடம் அரசாங்கம் தன் கருத்தைக் கொண்டுசெல்ல விரும்பியது. துண்டறிக்கை போடலாம், ஆனால், படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? 1924இல் தொடங்கப்பட்ட 'தமிழ் நேசன்' நாளேடு தோட்டங்களுக்கும் வந்தது. எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்பார்கள். வானொலிக்கு அந்த ஒருவர்கூடத் தேவையில்லை.

இந்த எண்ணத்தில் மலாயா வானொலியின் 'சமூகக் கேட்புச் சேவை' உருவாயிற்று. கம்பங்களிலும் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது இடத்தில் ஒரு வானொலிப்பெட்டியும் ஒலிபெருக்கியும் வைக்கப்பட்டன. தகவல் துறையை வழிநடத்த இங்கிலாந்திலிருந்து ஆள்கள் வந்தனர். 1950இல் வந்த ஹியூ கார்ல்டன் கிரீன் அவர்களுள் ஒருவர். இவரே பத்தாண்டுகள் கழித்து பிபிசியின் தலைமை இயக்குநர் ஆனார். உலகின் புகழ்பெற்ற ஒலிபரப்பு நிறுவனத்தை நடத்தப்போகிறவர், அதற்கு முன் மலாயாவின் லயத்து மக்களின் காதுகளை எப்படி எட்டுவது என்று சிந்தித்துக்கொண்டிருந்தார்.

இதே கேள்விக்கு ஆப்பிரிக்காவில் வேறொரு விடை கிடைத்தது. இன்று சாம்பியா எனப்படும் வட ரொடீசியாவில், லுசாக்கா நகரில் ஒரு சிறு வானொலி நிலையம் இருந்தது. அங்குள்ள சுரங்கத் தொழிலாளர்களும் சிற்றூர் மக்களும் வாங்கக்கூடிய பெட்டி ஒன்று வேண்டும் என்று ஹேரி ஃபிராங்க்ளின் என்ற அதிகாரி பல நிறுவனங்களின் கதவைத் தட்டினார். 1949இல் மின்கலத்தால் இயங்கும் ஒரு பெட்டி வந்தது. அதன் வெளிக்கூடு சமையல் பாத்திரம் செய்யும் அலுமினியத்தால் வட்டமாகச் செய்யப்பட்டது. ஆகவே, மக்கள் அதைச் 'சட்டி வானொலி' என்னும் பொருள்பட அழைத்தனர். விலை ஐந்து பவுன். மின்கலம் சுமார் 300 மணி நேரம் உழைத்தது. அங்கே ஒவ்வொருவரும் தமக்கென ஒன்று வாங்கினர். இங்கே ஊருக்கு ஒன்று வைக்கப்பட்டது. இந்த வேறுபாடு சிறியதன்று. தன் பெட்டியைத் தானே திருகுபவர் பிடிக்காத நிகழ்ச்சியை அணைத்துவிடுவார். பொதுப் பெட்டியை அணைக்க முடியாது, எழுந்துதான் போகமுடியும். போவதற்கோ, வேலிக்குள் வேறு இடமில்லை.

இப்போது அந்த மாலை நேரத்தை எண்ணிப் பாருங்கள். பால்வெட்டுத் தொழிலாளியின் நாள் விடியுமுன் தொடங்கும். பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, இருட்டிலேயே நிரைக்குச் செல்லவேண்டும். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் எடுத்துக் காண்டாக் கம்பில் சுமந்து வந்து, நிறுத்துக் கொடுத்தபின் வீடு திரும்புவார்கள். மாலையில் குளித்து, சமைத்து, பிள்ளைகளைக் கவனித்து முடிக்கும் வேளையில்தான் கொஞ்சம் ஓய்வு. அந்த ஓய்வு நேரத்தில் மக்கள் கூடும் ஓர் இடத்திலிருந்து தமிழ்க் குரல் கேட்டது. செய்தி வந்தது. அரசாங்கத்தின் அறிவுரை வந்தது. சரணடைந்தவர்கள் பேசிய பேச்சும் வந்தது. அவற்றுக்கு இடையே பாட்டும் வந்தது.

அரசாங்கம் பெட்டியை வைத்தது அறிவுரைக்காக. மக்கள் பெட்டியருகே வந்ததற்குப் பாட்டும் நாடகமும் பெரிய காரணம். இதைச் சமூகக் கேட்புச் சேவையை நடத்தியவர்களும் அறிந்தே இருந்தனர். வெறும் அறிவுரையை ஒலிபரப்பினால் எதிரே யாரும் உட்காரமாட்டார்கள் என்பதால்தான் நாடகத்தையும் இசையையும் கலந்தனர். ஆக, வானொலியில் எதை வைப்பது என்பதில் கேட்பவருக்கும் ஒரு பங்கு கிடைத்துவிட்டது. யாரும் வாக்குக் கேட்கவில்லை. யாரும் மனுக் கொடுக்கவில்லை. எழுந்து போவதும் உட்கார்ந்திருப்பதுமே அவர்கள் அளித்த வாக்கு. அதிகாரத்தின் குரலாக வந்த பெட்டி, மெல்ல மெல்லத் தோட்டத்தின் சொத்தாயிற்று. இந்த மாற்றத்தை ஏதோ ஓர் ஆண்டில் நடந்ததாகக் குறிப்பிட முடியாது. ஆனால், 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் காலை மெர்டேக்கா அரங்கத்தில் துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலைப் பிரகடனத்தை வாசித்து ஏழு முறை 'மெர்டேக்கா' என்று முழங்கியபோது, அம்முழக்கத்தை அரங்கத்துக்கு வெளியே கொண்டுசென்றது வானொலிதான். ஊரடங்கைச் சொன்ன அதே சாதனம் விடுதலையையும் சொன்னது.

அந்தக் குரல் காற்றில் எப்படி வந்தது என்பதையும் அறிந்துகொள்வோம். ஏனெனில், அக்காலத்தார் வானொலி கேட்ட அனுபவத்துக்கும் அதன் அறிவியலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

வானொலி அலை ஒளியின் வேகத்தில், அதாவது நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஓர் அலையின் நீளம் 300 மீட்டர் என்றால், அது நொடிக்குப் பத்து லட்சம் முறை அதிரும். இதை 1000 கிலோஹெர்ட்ஸ் என்கிறோம். பழைய பெட்டிகளின் முகப்பில் மீட்டர் என்றும் கிலோஹெர்ட்ஸ் என்றும் எண்கள் இருப்பது இதனால்தான்; இரண்டும் ஒரே செய்தியை இரு விதமாகச் சொல்கின்றன. இந்த எண்ணையொட்டிய அலைகளை மத்திய அலை என்பர். இவ்வகை ஒலிபரப்பில் அலையின் உயரம் குரலுக்கேற்பக் கூடிக் குறையும். உரக்கப் பேசினால் அலையின் உயர வேறுபாடு மிகும். மெல்லப் பேசினால் குறையும். பெட்டி அந்த ஏற்றத்தாழ்வைப் பிரித்தெடுத்து மீண்டும் ஒலியாக்குகிறது. இதற்கு வீச்சுப் பண்பேற்றம் என்று பெயர். ஆங்கில எழுத்துகளில் ஏஎம் என்று குறிப்பதும் இதையே.

மத்திய அலைக்கு ஒரு நற்குணம் உண்டு. அது நிலத்தைத் தழுவிச் செல்லும். ஈரமான நிலத்தின்மீதும் கடலின்மீதும் இன்னும் நன்றாகச் செல்லும். நடுவில் மரங்கள் அடர்ந்திருந்தாலும் கவலையில்லை. சதுப்பும் ஆறும் நிறைந்த கோல சிலாங்கூருக்கு இது ஏற்ற அலை. அதற்கு ஒரு தீக்குணமும் உண்டு; அதுதான் மின்னல். மின்னல் வெட்டும்போது அதிலிருந்தும் வானொலி அலைகள் வெளிப்படுகின்றன. அவை ஒலிபரப்பு அலையின்மீது ஏறி அதன் உயரத்தைக் கலைத்துவிடும். உயரத்தில்தானே குரல் இருக்கிறது! பெட்டியில் 'கரகர'வென்று இரைச்சல் எழும். மேற்குக் கரையில் மாலை இடிமழைக்குப் பஞ்சமில்லை. நாடகத்தின் உச்சக் காட்சியும் வானத்தின் இடியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் கேட்பவர் பாடு திண்டாட்டம்தான். எங்கோ தொலைவில் மின்னும் மின்னலையும் பெட்டி காட்டிக்கொடுக்கும். மழை வருமுன்பே இரைச்சல் வந்துவிடும். மழை பெய்து மரம் நனைந்தால் மறுநாள் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் குறையும். ஆகவே, அந்த இரைச்சலும் தோட்டத்துக்கு ஒரு செய்திதான்.

இரவில் இன்னொரு புதுமை நிகழும். பகலில் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் உள்ள ஒரு படலம் மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்தப் படலம் கலைந்துபோக, அதற்கு மேலுள்ள படலம் அலையைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்புகிறது. அதனால், பகலில் கேட்காத தொலைநாட்டு நிலையங்கள் இரவில் குறுக்கே புகும். சிற்றலை வசதியுள்ள பெட்டியானால் இன்னும் தொலைவுக்குச் செல்லலாம். இலங்கை வானொலியும் அனைத்திந்திய வானொலியும் இவ்வாறே கடல் கடந்து வந்தன. பழைய பெட்டி உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், நண்பகலிலும் இரவு ஒன்பது மணிக்கும் மத்திய அலையில் முள்ளை மெதுவாகத் திருப்பி, கேட்பவற்றைக் குறித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

1959 ஜனவரி முதல் நாள் மலாயா வானொலி சிங்கப்பூரிலிருந்து பிரிந்து கோலாலம்பூரில் தனித்து இயங்கத் தொடங்கியது. மறு ஆண்டு முதல் வானொலியில் வணிக விளம்பரங்கள் இடம்பெற்றன. மலேசியா உருவான 1963ஆம் ஆண்டில் அது மலேசிய வானொலி ஆயிற்று. பின்னர் மொழிவாரியாக அலைவரிசைகளுக்கு நிறப்பெயர்கள் சூட்டப்பட்டபோது, ஆங்கிலம் நீலமாகவும் சீனம் பச்சையாகவும் தமிழ் சிவப்பாகவும் அமைந்தன. சிவப்பு அலைவரிசை என்ற பெயர் இன்றும் பலர் நினைவில் இருக்கிறது.

அந்த அலைவரிசையில் என்னென்ன வந்தன? பக்திப் பாடல், செய்தி, திரைப்பாடல், கர்நாடக இசை, மாதர் நிகழ்ச்சி, சிறுவர் நிகழ்ச்சி, பள்ளிகளுக்கான ஒலிபரப்பு, நாடகம், தீபாவளி, பொங்கல், தைப்பூசம் ஆகிய திருநாள்களுக்குரிய சிறப்பு நிகழ்ச்சிகள். பட்டியலாகச் சொன்னால் எந்த நாட்டு வானொலியும் இப்படித்தான் தோன்றும். அவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துச் சற்று நின்று பார்க்கலாம்.

ஒன்று, நேயர் விருப்பம். அஞ்சலட்டையில் பாடலின் பெயரையும் கேட்பவர் பெயர்களையும் எழுதி அனுப்பினால், அறிவிப்பாளர் அப்பெயர்களை வாசித்துவிட்டுப் பாடலை ஒலிபரப்புவார். பாட்டு மூன்று நிமிடம் என்றால் பெயர்ப்பட்டியல் அதற்குப் போட்டியாக நீளும். அப்பா, அம்மா, அத்தை, மாமா, பக்கத்து லயத்துத் தோழர்கள், ஆயாக் கொட்டகைப் பிள்ளைகள் என்று ஒரு அட்டைக்குள் ஒரு தோட்டமே அடங்கிவிடும். வெளியார் இதைக் கேட்டுச் சலிப்படையலாம். 'பாட்டைப் போடாமல் பெயரையே வாசிக்கிறார்களே' என்று குறைப்பட்டவர்களும் உண்டு. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. பிரட்டில் ஒவ்வொரு நாளும் பெயர் கூப்பிடப்பட்டது, அது வேலைக்கு. வானொலியில் பெயர் கூப்பிடப்பட்டது மகிழ்ச்சிக்கு. அதுவும் நாடு முழுவதும் கேட்க! உறவினர்கள் வெவ்வேறு மாநிலத் தோட்டங்களில் சிதறி வாழ்ந்த காலத்தில், 'இன்ன தோட்டத்திலிருந்து இன்னார்' என்று கேட்பதே நலம் விசாரித்ததுபோல் ஆயிற்று. தொலைபேசி இல்லாத வீடுகளுக்கு இது சிறிய உதவியன்று.

மற்றொன்று, நாடகம். மேடை இல்லை, ஒப்பனை இல்லை. குரலும் ஓசையும் மட்டுமே. தேங்காய்ச் சிரட்டை இரண்டைத் தட்டினால் குதிரை ஓடும். மெல்லிய தகரத்தை உலுக்கினால் இடி இடிக்கும். மீதியைக் கேட்பவரின் கற்பனை செய்துகொள்ளும். நாடகத்துக்கு எழுத்தாளர்கள் தேவைப்பட்டனர். புத்தகம் அச்சிட வசதியில்லாத இளைஞர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வானொலி ஒரு வாசலைத் திறந்தது. எழுதியதற்குச் சன்மானமும் கிடைத்தது. எழுதியதைக் கேட்கப் பல்லாயிரம் பேரும் கிடைத்தனர். கெடா மாநிலத்தின் பீடோங்கில் பிறந்த ரெ. கார்த்திகேசு இளமையில் வானொலியில் பணியாற்றியவர். பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தகவல் சாதனத் துறைப் பேராசிரியரானார்; நாவலாசிரியராகவும் சிறுகதை ஆசிரியராகவும் திறனாய்வாளராகவும் விளங்கினார். மலேசியத் தமிழ் இலக்கியத்தைப் பற்றிப் பேசும்போது நாளேடுகளின் பங்கைக் கூறுகிறோம். வானொலியின் பங்கை அந்த அளவுக்குக் கூறுவதில்லை. காரணம் எளிது. நாளேடு நூலகத்தில் கிடக்கிறது. ஒலிபரப்போ காற்றோடு போய்விட்டது.

மொழிக்கும் வானொலி ஒன்றைச் செய்தது. தோட்டத்துக்கு வந்தவர்கள் சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், வட ஆற்காடு என்று பல வட்டாரங்களைச் சேர்ந்தவர்கள். ஒவ்வொருவர் பேச்சும் வேறு. தெலுங்கும் மலையாளமும் பேசியவர்களும் அதே லயங்களில் வாழ்ந்தனர். தோட்டத்தில் மலாய்ச் சொற்களும் ஆங்கிலச் சொற்களும் தமிழோடு கலந்தன. எல்லாருக்கும் பொதுவான ஒரு தமிழ் பள்ளியில் கற்பிக்கப்பட்டது. ஆனால், பள்ளிக்குச் சென்றவர்கள் பிள்ளைகளே. பெரியவர்கள் அந்தப் பொதுத் தமிழை நாள்தோறும் கேட்டது வானொலியில்தான். 'ரேடியோ' என்றவர்கள் 'வானொலி' என்று சொல்லப் பழகியதும், 'நேயர்', 'ஒலிபரப்பு', 'அலைவரிசை' போன்ற சொற்கள் படிக்காதவர் நாவிலும் ஏறியதும் அறிவிப்பாளர்களின் திருத்தமான உச்சரிப்பால் அல்லவா?

கூடிக் கேட்ட காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. 1954இல் முதல் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. வால்வு போய்விட்டது, அதனோடு கனத்த மின்கலன்களும் போயின. கைவிளக்குக்குப் போடும் சிறிய மின்கலன்களே போதுமாயின. அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானியப் பெட்டிகள் விலை மலிந்து வந்தன. மின்சாரத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத ஓர் இயந்திரம் லயத்து வீட்டுக்குள் வந்தது. பல தோட்டங்களில் இயந்திர மின்சாரம் இரவில் சில மணி நேரமே கிடைத்தது. விளக்கு அணைந்த பின்னும் டிரான்சிஸ்டர் பாடியது. 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொலைக்காட்சி தொடங்கியது. அதன்பின் கூட்டம் வேறு பெட்டியின்முன் கூடியது; வானொலி சமையலறைக்கும் தலைமாட்டுக்கும் இடம்பெயர்ந்தது. ஊருக்கு ஒன்றாக இருந்தது வீட்டுக்கு ஒன்றாகி, பிறகு ஆளுக்கு ஒன்றாயிற்று.

அலையும் மாறியது. மத்திய அலையின் இடத்தைப் படிப்படியாகப் பண்பலை எடுத்துக்கொண்டது. பண்பலையில் குரல் அலையின் உயரத்தில் இல்லை. அதிர்வெண்ணின் மாற்றத்தில் இருக்கிறது. ஆகவே, மின்னல் அதை எளிதில் கெடுக்க இயலாது. சிவப்பு அலைவரிசை வானொலி 6 ஆகி, 2005இல் மின்னல் எஃப்எம் என்று பெயர் மாறியது. கோலாலம்பூர் வட்டாரத்தில் அதன் அலைவெண் 96.3. மின்னலுக்கு அஞ்சி அஞ்சிக் கேட்ட ஓர் ஒலிபரப்பு, மின்னலின் இரைச்சல் கேட்காத காலத்தில் அதன் பெயரையே சூடிக்கொண்டது!

தோட்டங்களும் முன்பிருந்ததுபோல் இல்லை. இரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. லயத்துக் குடும்பங்கள் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், கோல சிலாங்கூர் நகரங்களுக்கும் கிள்ளானுக்கும் குடிபெயர்ந்தன. சமூகக் கேட்புச் சேவையின் ஒலிபெருக்கி எதிரே சிறுவர்களாக அமர்ந்திருந்தவர்கள் இன்று எழுபத்தைந்து, எண்பது வயதைக் கடந்தவர்கள்.

உங்கள் தாத்தா பாட்டியோ, அண்டை வீட்டுப் பெரியவரோ தோட்டத்தில் வளர்ந்தவராக இருந்தால், இந்தப் பாடத்தை முடித்தவுடன் அவரிடம் சென்று பேசுங்கள். 'அந்தக் காலத்தில் வானொலி கேட்டீர்களா?' என்று பொதுவாகக் கேட்டால், 'கேட்டோம்' என்ற ஒரு சொல்லோடு பதில் முடிந்துவிடும். பெட்டி எங்கே வைக்கப்பட்டிருந்தது, அதைத் திறந்து வைப்பவர் யார், மின்கலம் தீர்ந்தால் யார் மாற்றினார், பெண்கள் எந்தப் பக்கம் அமர்ந்தார்கள், எந்த நிகழ்ச்சிக்குக் கூட்டம் மிகுந்தது, எந்த நிகழ்ச்சிக்கு எழுந்து போனார்கள், அஞ்சலட்டையில் யார் யார் பெயரை எழுதினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பெயரையும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதையும் மேலே குறித்துவிட்டு, வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.